பச்சை பம்பு, சிவப்பு பம்பு

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, தாராளமா குடிக்கலாம்" - கிணத்தை எட்டிப் பார்த்துட்டு நம்மாளுங்க அடிக்கடி சொல்ற வசனம் இது. இந்த நம்பிக்கைக்கு ஒரு நாடே விலை கொடுத்த கதை தெரியுமா? பங்களாதேஷ்ல நடந்தது.

அங்கே கிராமத்து ஜனங்க ரொம்ப காலமா குடிச்சது குளத்துத் தண்ணிதான். காலரா, வயிற்றுப்போக்கு என்று குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1970-களில் அரசாங்கமும் யுனிசெஃப்பும் சேர்ந்து ஊர் ஊராகக் குழாய்க் கிணறு இறக்கி அடிபம்பு வைத்தார்கள். மண் வடிகட்டிக் கொடுத்த தண்ணி, கிருமி கிடையாது. ஜனங்களே சொந்தக் காசு போட்டு லட்சக்கணக்கில் பம்பு போட்டுக்கிட்டாங்க.

1983-ல் எல்லைக்கு இந்தப் பக்கம், கல்கத்தாவில், தோல் டாக்டர் கே.சி. சாஹாவிடம் விநோதமான நோயாளிகள் வந்தார்கள். உடம்பெல்லாம் புள்ளி, உள்ளங்கையில் காய்ப்பு. காரணம், அவர்கள் குடித்த கிணற்று நீரில் இருந்த ஆர்சனிக். 1993-ல் பங்களாதேஷ் கிணறுகளிலும் அது இருப்பது உறுதியானது. நிறம், மணம், ருசி எதுவும் இல்லாத விஷம். கொதிக்க வச்சாலும் போகாது.

எந்த ஃபேக்டரியும் கலக்கவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் சும்மா கிடந்தது. அதே வண்டலில் புதைந்த இலைதழையை பாக்டீரியா தின்னத் தின்ன, ஆக்சிஜன் தீர்ந்துபோனது. அடுத்து அவை துருவில் கைவைக்க, இரும்பு கரைந்து ஆர்சனிக் தண்ணீருக்குள் வந்துவிட்டது. அதனால்தான் காற்றுபடும் திறந்த கிணறுகளில் பெரும்பாலும் ஆர்சனிக் குறைவு (ஆனா கிருமி உண்டு!). 150 மீட்டருக்குக் கீழே போனாலும் பெரும்பாலும் பிரச்னையில்லை. இடைப்பட்ட ஆழம்தான் வில்லங்கம். அதிலும் ஒரு வீட்டுக் கிணறு நல்லா இருக்கும், பக்கத்து வீட்டுக் கிணறு விஷமா இருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 1992-ல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் இந்தக் கிணறுகளில் சிலவற்றைச் சோதித்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள், ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. பின்னால் கேஸ் லண்டன் வரை போய் 2006-ல் தள்ளுபடியானது. பொட்டி தட்டுற எனக்கு இது பழகின கதை: டெஸ்ட் கேஸ் எழுதாத இடத்துலதான் பக் உட்கார்ந்திருக்கும். ஆனா இங்கே பக் என்பது மனுஷ உயிர். மூன்றரைக் கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாக 2000-ல் கணக்கிட்டார்கள்.

அப்புறம் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு அடித்தார்கள். வாசலில் சிவப்பு பம்பு இருக்கிறவங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு பச்சை பம்பு வீட்டுக்கு நடந்தாங்க. நாளாவட்டத்தில் பெயிண்ட் உதிர்ந்தது. சோதிக்காமலே புதுக் கிணறுகள் முளைத்தன.

தண்ணி மட்டும் அன்றும் இன்றும் கண்ணாடி மாதிரிதான் இருக்கு.