திருப்பிப் போடுங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பேரனைத் திட்டிவிட்டேன். செல்போனில் ஒரு பாட்டு ஆரம்பிக்கும், பல்லவி முடியுமுன் அடுத்ததற்குத் தாவுவான். "ஒரு படத்துப் பாட்டை முழுசா, வரிசையாக் கேக்குற பொறுமை உங்க தலைமுறைக்குக் கிடையாதுடா" என்றேன். அவன் பதில் பேசவில்லை. மறுநாள் பரணில் எதையோ தேடப் போனவன் ஒரு பழைய கேசட்டோடு இறங்கி வந்தான். உள்ளே இருந்த அட்டையில் என் மனைவியின் கையெழுத்தில் பதினான்கு பாட்டு. பதினான்கும் வெவ்வேறு படம். "தாத்தா, இது பிளேலிஸ்ட்தானே?" என்று கேட்டான்.

முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். ஆனால் எங்கள் தலைமுறை எதை முழுதாகக் கேட்டது என்று அதுவரை யோசித்ததே இல்லை.

முழுதாகக் கேட்பது என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் முதலில் நாடகம்தான். மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். பபூன் வந்து போவார், நாரதர் வருவார், வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் நடக்கும். பாதியில் எழுந்து போனவனுக்குக் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இதே மதுரையில்தான்.

அந்த ராத்திரி முழுக்க நீண்ட பாட்டைத் துண்டு போட்டது இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். ராக ஆலாபனையானாலும் நாடகப் பாட்டானாலும் அதற்குள் முடித்தாக வேண்டும். மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் முதல் தட்டுக்குப் பாடியது இந்தக் கணக்குக்குள்தான். தனிப்பாட்டாகக் கேட்பதை செல்போன் கண்டுபிடித்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். அது ஏறக்குறைய நூறு வருஷத்துப் பழக்கம்.

'ஆல்பம்' என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது. பல 78 தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போல அட்டை உறைகளில் செருகிப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டைக் கொண்டுவந்ததும், அத்தனையும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன்பின் மேல்நாட்டில் பீட்டில்ஸ் மாதிரியான குழுக்கள், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே வேலையாக நினைத்துத் தட்டு வெளியிட்டார்கள். பாடகி அடேல் 2021-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்திடம் கேட்டு, ஆல்பத்தைக் கலைத்துப் போடும் பொத்தானை முன்னிலையிலிருந்து எடுக்க வைத்தார். அவருக்கு அந்த வரிசை முக்கியம்.

நமக்கு ஏது வரிசை? நம்முடைய தட்டு சினிமாத் தட்டு. படத்தில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே சண்டை, அழுகை, இடைவேளை எல்லாம் இருக்கும். அதையெல்லாம் உருவிவிட்டு ஐந்து பாட்டை அடுக்கித் தந்தார்கள். ஐந்து பாட்டு சேர்ந்தாலும் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் வரும். ஒரு கேசட் நிறையாது. அதனால் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று போட்டார்கள். இதில் எதை முழு ஆல்பம் என்பது?

நாங்கள் உண்மையிலேயே முழுதாகக் கேட்டது கதை வசனத் தட்டை. 'திருவிளையாடல்' 1965-இல் வந்தது. கோயில் கொடையோ, காதுகுத்தோ, பூப்புனித நீராட்டு விழாவோ, மைக் செட்காரர் பனைமரத்தில் குழாயைக் கட்டிவிட்டால் தருமியும் நக்கீரரும் வந்துவிடுவார்கள். கதை நடப்பதோ நம் மதுரையில்! வயலில் களை எடுக்கும் பெண்கள் வசனத்தை முன்கூட்டியே சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். 1984-இல் வந்த 'விதி' படத்தின் வசன கேசட்டும் அப்படித்தான். டீக்கடையில் நீதிமன்றக் காட்சி ஓடினால் டீ ஆறிப்போகும்.

இன்னொன்று பக்திப் பாடல். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், எம்.எஸ். 1963-இல் கொடுத்த வெங்கடேச சுப்ரபாதம். இரண்டும் எல்.பி. தட்டின் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்தது போல் இருக்கும். இவற்றைப் பாதியில் நிறுத்த யாருக்கும் தைரியம் வராது. எங்கள் அம்மா மின்சாரம் போனால்கூட, விட்ட இடத்திலிருந்து வாயால் பாடி முடிப்பார்.

பிறகு கேசட் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் அதை 1963-இலேயே வெளியிட்டாலும் எங்கள் கைக்கு வந்தபோது எழுபதுகள் முடிந்துவிட்டன. அதோடு ரெக்கார்டிங் சென்டர்கள் வந்தன. டவுன்ஹால் ரோடு பக்கம் போனால், சுவர் முழுக்க எல்.பி. உறைகள், கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மூன்று டெக். வெற்று டி.டி.கே. அல்லது சோனி கேசட்டோடு பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். இரண்டு நாளோ நான்கு நாளோ கழித்துக் கிடைக்கும். சட்டப்படி அது திருட்டுதான். 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். நாங்கள் வரிசையில் நின்றுகொண்டுதான் இருந்தோம். வாத்தியார் நானும்தான்.

அந்தப் பட்டியல் எழுதுவதுதான் பெரிய வேலை. அறுபது நிமிடத்தில் பதினான்கு பாட்டு அடங்குமா? சோகத்தை அடுத்துச் சோகம் வரலாமா? எதில் ஆரம்பிப்பது? தன் வரிசையில் அடேலுக்கு இருந்த அக்கறைக்குக் குறைந்ததில்லை எங்கள் அக்கறை. ஒரு வித்தியாசம், பாட்டு எங்களுடையது இல்லை, வரிசை மட்டும் எங்களுடையது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா, 1986-இல் 'ஹவ் டு நேம் இட்', 1988-இல் 'நத்திங் பட் விண்ட்' என்று படமே இல்லாத இரண்டு ஆல்பங்கள் கொடுத்தார். முதலாவதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை ஆக்கியிருந்தார். அவற்றை வாங்கி முழுதாகக் கேட்டேனா? முதலாவதில் இரண்டு உருப்படிகளை மட்டும் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கினேன். பேரனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கேசட் அட்டையைப் பார்த்து, பதினான்கு பாட்டையும் அதே வரிசையில் செல்போனில் அடுக்கிக் கொடுத்தான். கேட்டேன்.

கடைசிப் பாட்டு 'முதல் மரியாதை' படத்துடையது. எங்கள் கேசட்டில் அது முழுதாக இருக்காது. கடைக்காரர் நேரக் கணக்கைத் தவறவிட்டதில் இரண்டாவது சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து, டக் என்று பொத்தான் எகிறும். அடுக்களையிலிருந்து "ஏங்க, திருப்பிப் போடுங்க" என்று அவள் குரல் வரும். ரேடியோவில் அந்தப் பாட்டை எத்தனையோ முறை முழுதாகக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் செல்போனில் அந்த இடத்தைத் தாண்டி அது போனபோது கையை நீட்டி நிறுத்திவிட்டேன். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

கேசட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. டேப் ரிக்கார்டரில் பெல்ட் அறுந்து கிடக்கிறது. கீழவாசல், சிம்மக்கல் பக்கம் இதையெல்லாம் இன்னும் பழுது பார்க்கிறவர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.