கான்சாஸ் குடியரசுக் கட்சியின் உட்பிளவு

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக் குடியரசுக் கட்சியில் மிதவாதிகளுக்கும் சமயப் பழமைவாதிகளுக்கும் இடையே 1990களின் தொடக்கம் முதல் நடந்துவரும் அதிகாரப் போட்டியே இங்குக் கூறப்படுவது. கருக்கலைப்பில் தொடங்கிய இப்போட்டி, பள்ளிகளில் பரிணாமக் கொள்கை, ஒருபால் திருமணம், வருமான வரி, கல்விச் செலவு எனப் பரவியது. கான்சாஸிலிருந்து அமெரிக்க செனட்டுக்கு 1932க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியினர் எவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மாநிலச் சட்டமன்றமும் பெரும்பாலான ஆண்டுகளில் குடியரசுக் கட்சியிடமே இருந்துள்ளது. எனவே கொள்கைப் போர்கள் பலவும் இரு கட்சிகளுக்கு இடையே நடக்காமல் ஒரே கட்சிக்குள் நடந்தன. பழமைவாதிகள், மிதவாதிகள், ஜனநாயகக் கட்சியினர் என மூன்று அணிகள் இயங்குவதால் இதை ‘மூன்று கட்சி மாநிலம்’ என்று அரசியல் நோக்கர்கள் அழைப்பதுண்டு.

பின்னணி

அடிமை முறையை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியில் இரத்தம் சிந்திய பிறகு, 1861 ஜனவரி 29 அன்று அடிமை முறையற்ற மாநிலமாகக் கான்சாஸ் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. அடிமை முறையை எதிர்த்துப் பிறந்த குடியரசுக் கட்சி அன்றே அங்கு வேரூன்றிவிட்டது. சமய உணர்வு அக்கட்சிக்குப் புதியதன்று. புரோட்டஸ்டண்ட் திருச்சபைகளின் ஊக்கத்தால் 1880இல் மாநில அரசியலமைப்பிலேயே மதுவிலக்கு எழுதப்பட்டது. அது 1948 வரை நீடித்தது. ஆனால் அதே கட்சியில் சீர்திருத்த மரபும் வலுவாக இருந்தது. எம்போரியா நகரப் பத்திரிகையாசிரியர் வில்லியம் ஆலன் வைட், கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பை எதிர்ப்பதற்காகவே 1924இல் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். 1936 குடியரசுத் தலைவர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற ஆல்ஃப் லேண்டன், ஆபிலீனில் வளர்ந்த ஐசன்ஹோவர், லேண்டனின் மகளும் 1978இல் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான நான்சி காசபாம் ஆகியோர் மிதவாத மரபின் முகங்கள்.

கருக்கலைப்புச் சட்டத்தை 1969இல் தளர்த்தியதும் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றமே. அப்போது அது கட்சியைப் பிளக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை. 1973இல் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக அறிவித்தது நிலையை மாற்றியது. மறு ஆண்டு செனட் தேர்தலில் பாப் டோலை எதிர்த்த பில் ராய் மகப்பேறு மருத்துவர், கருக்கலைப்பும் செய்தவர். வாக்குப்பதிவுக்கு முன் அதைச் சுட்டி அவருக்கு எதிராகத் துண்டறிக்கைகள் பரவின. டோல் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தப்பினார். கருக்கலைப்பு எதிர்ப்பு வாக்குகளைத் திரட்டித் தரும் என்பதைக் கட்சி அப்போது கண்டுகொண்டது. 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய ‘மாரல் மெஜாரிட்டி’ இயக்கமும் ரீகனின் வெற்றியும் நாடெங்கும் அந்தத் திரட்டலுக்கு வடிவம் கொடுத்தன. கான்சாஸில் மட்டும் கட்சிப் பொறுப்புகள் இன்னும் பத்தாண்டுக் காலம் பழைய கைகளிலேயே இருந்தன.

1991: விச்சிட்டாவின் கோடைக்காலம்

1991 ஜூலை 15 அன்று ‘ஆபரேஷன் ரெஸ்க்யூ’ என்ற கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு விச்சிட்டா நகரில் மறியலைத் தொடங்கியது. ‘கருணையின் கோடை’ என்று அவர்கள் பெயரிட்ட இப்போராட்டத்தின் முதன்மை இலக்கு, கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் கருக்கலைப்பு செய்துவந்த மருத்துவர் ஜார்ஜ் டில்லரின் மருத்துவமனை. வாயிலில் படுத்து வழிமறித்தவர்களைக் காவலர்கள் தூக்கிச் சென்றனர். சுமார் ஆறு வாரங்களில் 2,600க்கும் மேற்பட்ட கைதுகள் நிகழ்ந்தன. கூட்டாட்சி நீதிபதி பேட்ரிக் கெல்லி மறியலுக்குத் தடை விதித்தார். முடிவில் ஒரு விளையாட்டரங்கில் நடந்த பெருங்கூட்டத்தில் தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் பேசினார்.

கட்சிக் கோடுகள் அப்போது இன்றைய வடிவத்தில் இல்லை. மறியல்காரர்களைச் சந்தித்து ஆதரவாகப் பேசிய ஆளுநர் ஜோன் ஃபின்னி ஜனநாயகக் கட்சிக்காரர். கருக்கலைப்பு உரிமைக்கு இசைவாக இருந்த பலர் குடியரசுக் கட்சியில் இருந்தனர். பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போனபின், உள்ளூரில் எழுச்சி பெற்றவர்கள் குடியரசுக் கட்சிக்குள் நுழைந்தனர். பாப்டிஸ்டுகள், பெந்தகொஸ்தே சபையினர், கத்தோலிக்கர் என முன்பு ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்தவர்கள் இந்த ஒரு பிரச்சினையில் கைகோத்தனர்.

அடிமட்டப் பொறுப்புகளைக் கைப்பற்றல்

கான்சாஸில் ஒவ்வொரு வாக்குச்சாவடி வட்டத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் எனக் கட்சிக் குழு உறுப்பினர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாத உட்கட்சித் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்கள் கவுண்டி நிர்வாகிகளைத் தேர்வு செய்கின்றனர். அங்கிருந்து மாநிலக் குழு உருவாகிறது. சட்டமன்ற இடம் இடையில் காலியானால் அதை நிரப்புபவரைத் தேர்வதும் இவர்களே. போட்டியிட ஆளின்றி இப்பொறுப்புகள் பல காலியாகவே கிடந்தன. 1992இல் விச்சிட்டாவை உள்ளடக்கிய செட்ஜ்விக் கவுண்டியில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் இவற்றுக்கு நின்று பெருமளவில் வென்றனர். 1995இல் மாநிலக் கட்சித் தலைமையும் பழமைவாதியான டேவிட் மில்லரிடம் சென்றது.

1994 தேர்தலில் இதன் பலன் தெரிந்தது. விச்சிட்டாவில் நீண்டகாலம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜனநாயகக் கட்சியின் டான் கிளிக்மனை டாட் டீஹார்ட் வீழ்த்தினார். அதே ஆண்டு நாடாளுமன்றம் சென்ற சாம் பிரவுன்பேக் பின்னர் இந்த அணியின் முதன்மைத் தலைவரானார். ஆனால் ஆளுநராக வென்ற பில் கிரேவ்ஸ் மிதவாதி. 1996இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்காக டோல் செனட் பதவியை விட்டபோது, கிரேவ்ஸ் தம் துணை ஆளுநர் ஷீலா ஃப்ராமை அவ்விடத்தில் அமர்த்தினார். இரண்டே மாதத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலில் ஃப்ராமைத் தோற்கடித்துப் பிரவுன்பேக் செனட்டரானார். 1998இல் மில்லர், கட்சித் தலைமையை விட்டுவந்து, பதவியிலிருந்த கிரேவ்ஸையே எதிர்த்து நின்றார். கிரேவ்ஸ் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்றார். கட்சிக்குள் எந்த அணியும் எல்லாப் போட்டிகளிலும் வலுவாக இல்லை என்பதை இவ்விரு தேர்தல்களும் காட்டின. அத்தோல்விக்குப் பிறகு மாநிலக் கட்சித் தலைமை மிதவாதியான மார்க் பார்க்கின்சனிடம் வந்தது.

பாடத்திட்டப் போர்

பத்து உறுப்பினர் கொண்ட மாநிலக் கல்வி வாரியத்துக்கும் உறுப்பினர்கள் தேர்தல் மூலமே வருகின்றனர். 1999 ஆகஸ்டில் வாரியம் 6க்கு 4 என்ற வாக்கில், ஓர் உயிரினத்திலிருந்து வேறோர் உயிரினம் தோன்றும் பரிணாம விளக்கத்தை மாநில அறிவியல் பாடத்தரத்திலிருந்து நீக்கியது. அதைக் கற்பிக்கத் தடை விதிக்கப்படவில்லை. மாநிலத் தேர்வுகளில் அது இடம்பெறாது என்பதே முடிவு. ஆயினும் அறிவியலாளர்களிடமிருந்தும் தொழில் துறையினரிடமிருந்தும் கடும் கண்டனம் எழுந்தது. 2000 தேர்தலில் பழமைவாத உறுப்பினர்கள் சிலர் தோற்றனர். 2001 பிப்ரவரியில் பரிணாமம் மீண்டது. 2004 தேர்தலில் பழமைவாதிகள் மறுபடி பெரும்பான்மை பெற்று, 2005 நவம்பரில் பரிணாமக் கொள்கையின் மீது ஐயங்களை எழுப்பும் பாடத்தரத்தை ஏற்றனர். 2006இல் மிதவாதிகள் திரும்பினர்; 2007 பிப்ரவரியில் அந்தத் தரமும் நீக்கப்பட்டது. இந்த மாற்றங்களை நிகழ்த்தியவை பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல்களே.

பொதுமக்கள் எல்லாச் சமயப் பிரச்சினைகளிலும் மிதவாதிகள் பக்கம் நின்றனர் என்று கொள்ள முடியாது. ஒருபால் திருமணத்தைத் தடை செய்யும் அரசியலமைப்புத் திருத்தம் 2005 ஏப்ரலில் சுமார் எழுபது விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது.

கட்சி மாறியவர்கள்

குடியரசுக் கட்சியை விட்டு விலகிய மிதவாதிகள் ஜனநாயகக் கட்சிக்கு ஆள்பலமாயினர். 2002இல் ஆளுநர் தேர்தலில் நின்ற ஜனநாயகக் கட்சியின் கேத்லீன் செபீலியஸ், குடியரசுக் கட்சியிலிருந்து அப்போதுதான் விலகிவந்த விமான நிறுவன நிர்வாகி ஜான் மூரைத் துணை ஆளுநர் வேட்பாளராக்கி வென்றார். 2006இல் அவர் தேர்ந்தெடுத்த துணையோ குடியரசுக் கட்சியின் முன்னாள் மாநிலத் தலைவர் பார்க்கின்சன். 2009இல் செபீலியஸ் ஒபாமா அமைச்சரவைக்குச் சென்றபோது பார்க்கின்சன் ஆளுநரானார். ஜான்சன் கவுண்டி அரசு வழக்கறிஞர் பால் மாரிசனும் கட்சி மாறி, கருக்கலைப்பு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேடுகளைக் கோரி வழக்காடிய தலைமைச் சட்ட அதிகாரி ஃபில் கிளைனை 2006இல் தோற்கடித்தார். இதற்கிடையே, 1991 மறியலின் இலக்காக இருந்த மருத்துவர் டில்லர் 2009 மே 31 அன்று தம் தேவாலயத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிரவுன்பேக் ஆட்சி

2010 தேர்தலில் வென்று பிரவுன்பேக் ஆளுநரானதும் சமயப் பழமைவாதமும் வரிக்குறைப்புக் கொள்கையும் ஒன்றாயின. கருக்கலைப்புக் கட்டுப்பாடுகள் அடுத்தடுத்து வந்தன. 2012 மே மாதச் சட்டம் உயர்ந்தபட்ச வருமான வரி விகிதத்தை 6.45 விழுக்காட்டிலிருந்து 4.9 ஆகக் குறைத்தது. தனிநபர் கணக்கில் சேரும் தொழில் வருமானத்துக்கு முற்றிலும் விலக்களித்தது. மாநில செனட்டோ அப்போதும் மிதவாதிகளின் தலைமையில் இருந்தது. செனட்டும் கீழவையும் உடன்படாததால் 2012இல் தொகுதி எல்லைகளைக் கூட்டாட்சி நீதிமன்றமே வரைய வேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டில் மாநில வணிகச் சபையும் வரிக்குறைப்பு அமைப்புகளும் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களும் சேர்ந்து உழைக்க, செனட் தலைவர் ஸ்டீவ் மாரிஸ் உட்பட மிதவாத உறுப்பினர் பலர் வீழ்ந்தனர். மாரிஸ் மேற்குக் கோடியிலுள்ள வேளாண் பகுதிக்காரர். பிளவை நகரம், கிராமம் என்று பிரித்துவிட முடியாது என்பதற்கு அவர் சான்று. பள்ளி நிதி, சாலை, நீர்ப்பாசனம் ஆகியவற்றில் அரசின் பங்கை வேண்டிய சிறுநகர மெதடிஸ்டுகளும் மிதவாதத்தின் அடித்தளமாக இருந்தனர்.

வருவாய் சரிந்து பள்ளிகளும் சாலைகளும் பாதிக்கப்பட்டபோது காற்று திரும்பியது. 2014இல் நூற்றுக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சிப் பிரமுகர்கள் ஜனநாயக வேட்பாளர் பால் டேவிஸை வெளிப்படையாக ஆதரித்தனர். பிரவுன்பேக் ஏறத்தாழ நான்கு விழுக்காடு முன்னிலையில் தப்பினார். 2016 உட்கட்சித் தேர்தலில் மிதவாதிகள் பல இடங்களை மீட்டனர். 2017 ஜூனில் அவர்களும் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து, ஆளுநரின் மறுப்பாணையைக் கடந்து வரிச்சலுகைகளில் பெரும்பகுதியை ரத்து செய்தனர். மறு ஆண்டு பிரவுன்பேக் பதவி விலகி, உலகச் சமயச் சுதந்திரத்துக்கான அமெரிக்கத் தூதரானார்.

2018க்குப் பின்

2018 உட்கட்சித் தேர்தலில் பழமைவாதியான கிரிஸ் கோபாக், பிரவுன்பேக்கின் இடத்துக்கு வந்த ஆளுநர் ஜெஃப் காலியரை 343 வாக்குகளில் வென்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லிக்கு கிரேவ்ஸும் காசபாமும் ஆதரவு தெரிவித்தனர், கெல்லி வென்றார். அந்த டிசம்பரில் பார்பரா போலியர், டைனா சைக்ஸ், ஸ்டெபனி கிளேட்டன் ஆகிய மூன்று ஜான்சன் கவுண்டிச் சட்டமன்ற உறுப்பினர்கள் குடியரசுக் கட்சியை விட்டு ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தனர். 2020 ஆகஸ்டில் மிதவாதச் செனட்டர்கள் மேலும் பலர் உட்கட்சித் தேர்தலில் இடமிழந்தனர். சட்டமன்றக் குடியரசுக் கட்சி அதன்பின் ஏறத்தாழ ஒரே அணியின் கட்டுப்பாட்டில் இருந்தது.

2019இல் மாநில உச்ச நீதிமன்றம், கான்சாஸ் அரசியலமைப்பு கருக்கலைப்பு உரிமையைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதை நீக்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பியது. வாக்குப்பதிவு குறைவாக இருக்கும் 2022 ஆகஸ்ட் 2, உட்கட்சித் தேர்தல் நாளே, அதற்கும் குறிக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன் ‘ரோ’ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்ததால் நாடே இதைக் கவனித்தது. கட்சி சாராத வாக்காளர்களும் திரண்டுவர, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். திருத்தம் சுமார் 59க்கு 41 என்ற கணக்கில் தோற்றது. அந்த நவம்பரில் கெல்லி குறைந்த வித்தியாசத்தில் மறுபடி வென்றார்.

மதிப்பீடு

டாமஸ் ஃப்ராங்க் 2004இல் எழுதிப் பரவலாகப் பேசப்பட்ட நூல், உழைக்கும் மக்கள் சமயப் பிரச்சினைகளால் ஈர்க்கப்பட்டுத் தம் பொருளாதார நலனுக்கு எதிராக வாக்களித்தனர் என்று இப்பிளவை விளக்கியது. வருமானம் குறைந்தோர் உண்மையில் அவ்வாறு பெருமளவில் கட்சி மாறினரா என்று அரசியல் ஆய்வாளர்கள் அதை மறுத்ததும் உண்டு.

கான்சாஸ் வரலாற்றில் உறுதியாகத் தெரிவது அமைப்பு சார்ந்த உண்மை. யாரும் விரும்பாத வட்டக் குழுப் பொறுப்பையும் சிலரே வாக்களிக்கும் ஆகஸ்ட் தேர்தலையும் முதலில் மதித்தவர்கள் சமயப் பழமைவாதிகள், கட்சி அவர்களுடையதாயிற்று. பொதுத் தேர்தலையும் ஆளுநர் பதவியையும் நம்பிய மிதவாதிகள் மாநிலம் முழுவதும் வாக்களித்த போட்டிகளில் பலமுறை வென்றனர். ஆனால் அவ்வெற்றிகளில் பலவற்றை அவர்கள் ஜனநாயகக் கட்சியின் பெயரிலோ துணையிலோ பெற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் விலகியவர்களின் வாக்கு அடுத்த உட்கட்சித் தேர்தலில் குறைந்ததால், வெளியே மிதவாதிகள் வென்ற வெற்றிகளே கட்சிக்குள் அவர்களை மேலும் மெலியச் செய்தன.