ஆசைக்கு ஒரு ஜோடி மாடு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் கோடைக்காலத்தில் பயணம் செய்தவர்கள், தேநீர்க்கடைச் சுவர்களில் ஒரு வகைச் சுவரொட்டியைப் பார்த்திருக்கக்கூடும். மேலே ஊர்த் தெய்வத்தின் படம். நடுவில் நுகத்தடியில் பூட்டிய இரு காளைகள். கீழே ‘மாபெரும் இரட்டை மாட்டுவண்டி எல்கைப் பந்தயம்’ என்ற தலைப்பு. அதன்கீழ் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓட வேண்டிய தூரம், பரிசுத்தொகை. தூரம் மைலில்தான் இருக்கும். இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கியது 1958-இல். எங்கள் பக்கத்துக் காளைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் சின்ன எழுத்தில் நுழைவுக் கட்டணம் அச்சாகியிருக்கும்.

ஏறுதழுவலுக்கு முல்லைக்கலி உண்டு, சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ உண்டு. வண்டிப் பந்தயத்தின் வரலாற்றை எழுத நினைப்பவனுக்கு இந்தச் சுவரொட்டிகளும் நோட்டீசுகளும்தான் முதன்மை ஆவணம். அடுத்த மழையில் கரைந்துவிடும் ஆவணம். அதில் என்னை எப்போதும் நிறுத்துவது அந்தக் கடைசி வரி. பந்தயத்தில் கலந்துகொள்ள உண்மையில் எவ்வளவு செலவாகும்? நுழைவுக் கட்டணம் அதற்கு விடையே ஆகாது என்பது மாடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். இந்தக் கேள்வியை உலகில் வேறொரு கூட்டமும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது: கார் ராலியில் சொந்தப் பணத்தில் ஓட்டும் பொழுதுபோக்கு வீரர்கள். அவர்களுடைய கதையைச் சற்றுச் சொன்னால் நம் கதை தெளிவாகும் என்று தோன்றுகிறது.

ராலி என்பது வட்டமான ஓடுதளத்தில் நடக்கும் போட்டி அன்று. பொதுச் சாலையிலோ காட்டுப் பாதையிலோ ஒரு பகுதியை அடைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். யார் யாரை முந்தினார் என்ற பேச்சில்லை, கடிகாரம்தான் எதிரி. ஓட்டுநருக்கு அருகே துணை ஓட்டுநர் அமர்ந்து, வரப்போகும் வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதிக்குப் போகும் வழியில் மற்றவர்களைப் போலவே சாலை விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஓட்டியாக வேண்டும். இதன் தொடக்க கால நிகழ்ச்சிகளுள் புகழ்பெற்றது 1911-இல் நடந்த மான்டி கார்லோ ராலி. ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து 23 கார்கள் மொனாக்கோவை நோக்கிப் புறப்பட்டன. வேகத்தோடு, காரின் அழகுக்கும் உள்ளே அமர்ந்து வந்தவர்களின் சௌகரியத்துக்கும் கூட மதிப்பெண் இருந்தது. அதாவது, ஊருக்குப் போய்வரும் அதே காரில் பந்தயத்துக்கும் வந்தார்கள். கார் வாங்க முடிந்தவனுக்கு, பந்தயத்துக்கென்று தனியே பெருஞ்செலவு இல்லை.

அந்த நிலை நீடிக்கவில்லை. பயணக் காரும் பந்தயக் காரும் மெல்லப் பிரிந்தன. இன்று ஒருவர் மிக எளிய நிலையில் ராலிக்குள் நுழைய விரும்பினாலும், காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்த வேண்டும். தீப்பிடிக்காத உடை, தலைக்கவசம், கழுத்தைக் காக்கும் கருவி வாங்க வேண்டும். உரிமம் பெற வேண்டும். சரளைக் கல்லில் கிழிந்துபோகும் டயர்களுக்கு மாற்று வைத்திருக்க வேண்டும். காரை ஏற்றிச் செல்ல லாரி, பழுது பார்க்க ஆட்கள், பாதையை முன்கூட்டியே பார்த்துவர இரண்டு நாள். இத்தனைக்கும் பின்னால்தான் நுழைவுக் கட்டணம் வரும். உச்சியில் இருக்கும் உலக ராலிப் போட்டியிலேயே செலவு எல்லை மீறிப் போய், 2027-ஆம் ஆண்டுக்கான விதிகளில் ஒரு காரின் விலைக்கு 3,45,000 யூரோ என்று உச்சவரம்பு வைக்க நேர்ந்தது.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு யார் கையில் வளர்ந்தது என்று பார்த்தால் செலவின் கதை இன்னும் விளங்கும். சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது 1953-இல். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. இன்னொரு மையம் கோயம்புத்தூர். பைக்காரா மின்சாரம் வந்த 1930-களில் அங்கே நூற்பாலைகள் பெருகின. அந்தச் செல்வமும், கூடவே வளர்ந்த பட்டறைத் திறமையும் பின்னாளில் பந்தயத்துக்கு வந்தன. தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயன் கோவைக்காரர், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அவருடைய மகன். ஆலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், செல்வர்கள் மட்டுமே ஓட்டக்கூடிய விளையாட்டாக இது நின்றுவிடக் கூடாது என்று கருதியவர்களுள் ஒருவர். மாருதி காரின் சிறிய எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தயக் காரை 1988-இல் உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட ஓடுதளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ராலி ஓடுதளப் பந்தயத்திலிருந்து வேறுபட்டது; ஆனால் இரண்டின் வாசலிலும் நின்ற கேள்வி ஒன்றுதான்: பணம் இல்லாதவன் எப்படி உள்ளே வருவது?

பருத்தியில் இரண்டு பொருள் உண்டு: பஞ்சும் கொட்டையும். பஞ்சு ஆலைக்குப் போயிற்று; அங்கே அதன் லாபத்தில் ஒரு துளி பந்தயக் காராயிற்று. கொட்டை கரிசல் காட்டுக்காரனின் மாட்டுத்தொழுவுக்கு வந்தது. ஆட்டுரலில் அரைத்துப் பால்போல் கரைத்து வைத்த பருத்திக்கொட்டையைக் குடித்து வளர்ந்தவைதான் எங்கள் பக்கத்துப் பந்தயக் காளைகள்.

மானாவாரிப் பூமியில் ஆண்டு இரண்டாகப் பிரியும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு; தை, மாசியில் அறுவடை. பங்குனியில் காடு வெறுமையாகிவிடும். அதன்பின் அடுத்த உழவுவரை மாட்டுக்கு வேலை இல்லை, மனிதனுக்கும் இல்லை. கோயில் கொடைகளும் பொங்கல் விழாக்களும் அந்த வெறுமையில்தான் வருகின்றன. உழுத மாட்டையே, பாரம் இழுத்த மாட்டையே பந்தயத்தில் பூட்டினார்கள். ஆண்டு முழுதும் அதற்குப் போட்ட தீவனம் உழவுக் கணக்கில் சேர்ந்தது. பந்தயம் அந்தக் கணக்கின்மீது உட்கார்ந்துகொண்ட ஓர் இலவசம். மான்டி கார்லோவுக்கு வீட்டுக் காரில் வந்தவர்களின் நிலையும் இதுதான்.

டிராக்டர் வந்தபோது இந்தக் கணக்கு உடைந்தது. உழவும் சரக்குப் போக்குவரத்தும் எஞ்சினுக்குப் போனபின், காளை வைத்திருப்பதற்குப் பந்தயத்தைத் தவிரக் காரணம் இல்லாத நிலை வந்தது. பாரம் ஏற்றாத, எடை குறைந்த தனிப் பந்தய வண்டி செய்யவேண்டியதாயிற்று. பருத்திக்கொட்டை, உளுந்து, தவிடு, பேரீச்சை, முட்டை என்று தீவனப் பட்டியல் நீண்டது. தார்ச்சாலைக்கு லாடம், கண்மாய்க்கரையிலும் ஆற்றுமணலிலும் அன்றாடம் நடை பழக்க ஓர் ஆள், பந்தய ஊருக்கு ஏற்றிச் செல்ல வண்டி வாடகை. கிடையில் புழுதியோடு வளரும் புலிக்குளம் கன்று ஒரு காலத்தில் எளிதாகக் கிடைத்தது. இன்று நான்கு பந்தயம் வென்ற ஜோடியின் விலையை லட்சங்களில் பேசுகிறார்கள். அந்த மாடு இனி உழாது. ஆண்டின் 365 நாளும் அது தின்னும் தீவனம், ஒன்றிரண்டு நாழிகை ஓடும் சில ஓட்டங்களின் கணக்கில் ஏறுகிறது. உழைக்கும் மாடும் ஓடும் மாடும் பிரிந்த இடத்தில்தான் நுழைவின் உண்மையான விலை பிறந்தது.

இந்த விலையை எதிர்கொள்ள எங்கள் வறண்ட நாடு கண்ட வழிகள் இரண்டு. முதலாவது பிரிவு முறை. மாட்டின் உயரத்தை வைத்துப் பெரிய மாடு முதல் பூஞ்சிட்டு, தேன்சிட்டுவரை வகுத்துவிட்டதால், பெரிய ஜோடி வாங்க முடியாதவன் சிறிய மாட்டோடு வருகிறான். அவனுக்கும் ஒரு முதல் பரிசு உண்டு. கார்ப் பந்தயத்தில் எஞ்சின் அளவை வைத்துப் பிரிப்பது போன்றதே இது. கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தை வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடிக் கடிகாரத்தோடு மோதுகின்றன. அது ராலிக்கு நெருங்கியது. எங்களுடையது எல்கைப் பந்தயம். எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு, எல்லைக் கொடியைத் தொட்டுத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது வழி கூட்டு. பந்தயம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் முடிவு வாசிப்பதைக் கேட்டால் இது தெரியும். முதல் பரிசு பெற்ற வண்டிக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்காது. ஓர் ஊர்க்காரர் பெயரும் இன்னோர் ஊர்க்காரர் பெயரும் சேர்ந்து வரும். சில வேளைகளில் மூன்று பெயர். இடத்து மாடு ஒருவருடையது. வலத்து மாடு வேறொருவருடையது. ஒற்றை மாடு வைத்திருப்பவன் இன்னோர் ஒற்றை மாட்டுக்காரனைத் தேடிப் போகிறான். இரண்டு மாடுகளின் நடையும் ஒத்துவர வேண்டும். இரண்டு மனிதர்களின் மனமும் ஒத்துவர வேண்டும். வேற்று ஊர், சில சமயம் வேற்றுச் சாதி. நுகத்தடியின் இரண்டு பக்கம்போல் செலவைத் தாங்குகிறார்கள்.

பின்லாந்தில் எளியவர்களுக்கான கார்ப் பந்தயம் ஒன்று உண்டு. அதில் ஓடிய எந்தக் காரையும், விதியில் குறித்த சிறு தொகைக்கு யாராவது கேட்டால் விற்றுவிட வேண்டும். ஆகவே எவரும் காரில் பெரும் பணத்தைக் கொட்டுவதில்லை. கட்டாய விற்பனையால் அவர்கள் சாதித்ததை, இங்கே கட்டாயமே இல்லாமல் கூட்டு சாதிக்க முயல்கிறது. மாடு வளர்ப்பவரிடம் லாபம் உண்டா என்று கேட்டால், ‘லாபமா? ஆசைக்கு வச்சிருக்கோம்’ என்பார். அமெச்சூர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘நேசிப்பது’ என்ற வினை. அதை இதைவிடச் சரியாக எந்த அகராதியும் மொழிபெயர்த்ததில்லை.

கணக்கில் வராத செலவுகளும் உண்டு. பழைய ஒலிம்பியாவின் நாற்குதிரைத் தேர்ப் பந்தயத்தில் மாலை உரிமையாளருக்கே. ஸ்பார்ட்டாவின் கினிஸ்கா என்ற பெண் கி.மு. 396-இலும் 392-இலும் தேரில் ஏறாமலே வென்றாள். எங்கள் பந்தயத்திலும் முதற்பெயர் உரிமையாளர்களுடையது. மாடு வாங்க வழியற்ற இளைஞன் சாரதியாகவோ, கூடவே ஓடும் துணைச் சாரதியாகவோ நுழைகிறான். அவன் தரும் நுழைவுக் கட்டணம் அவன் உடல். விடியுமுன் தண்ணீர் சுமந்து, தொழு கூட்டி, தீவனம் அரைக்கும் பெண்ணின் பெயர் நோட்டீசின் எந்த மூலையிலும் வராது. கோடையில் குடத்துக்குக் காத்திருக்கும் ஊர்களில், மாடு குடிக்கும் தண்ணீரும் அவள் சுமந்ததுதான்.

எல்லாருக்கும் மேலாகச் செலுத்துவது மாடு. கமிட்டிகள் இன்று தார்க்குச்சியைத் தடை செய்கின்றன என்றால், அது பயன்பட்டது என்றுதான் பொருள். நீதிமன்றங்கள் கேட்ட கேள்வியும் அதுவே. ஜல்லிக்கட்டு வழக்கின் நீண்ட கதை ஒரு ரேக்ளாப் பந்தய மனுவில்தான் தொடங்கியது என்பது பலருக்கு மறந்துவிட்டது. பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த அந்த மனுவில், நீதிபதி ஆர். பானுமதி 2006 மார்ச்சில் மதுரையில் இரண்டையும் தடுத்துத் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது மாறியது. 2011 ஜூலையில் மத்திய அரசு காளையைக் காட்சி விலங்குகளுக்கான தடைப் பட்டியலில் சேர்த்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடை செய்தது. 2017 ஜனவரிப் போராட்டம், மாநிலச் சட்டத் திருத்தம், 2023 மே 18-இல் அதை ஏற்ற அரசியல் சாசன அமர்வு ஆகியவை அனைவரும் அறிந்தவை.

அந்தத் தடைக் காலத்தில் கார் வைத்திருப்பவன் என்றால் காரை மூடி நிறுத்தியிருக்கலாம். கார் தின்னாது. ஓடாத மாடும் தின்னும். உழவுக்கும் உதவாது, பந்தயமும் இல்லை என்ற நிலையில் அதை வைத்துக் காப்பாற்றுவதும் சந்தைக்கு ஓட்டுவதும்தான் வழி. சந்தைக்குப் போகும் ஓய்ந்த மாடு பெரும்பாலும் எங்கே போகும் என்பது தெரிந்ததே. மாட்டின் துன்பத்தைக் குறைக்க வந்த ஆணைக்கும் ஒரு விலை இருந்தது. அதையும் ஒரு பங்கு மாடே கொடுத்தது. இதைச் சொல்வதால் சாட்டை நியாயமாகிவிடாது. இரண்டு உண்மைகளையும் ஒரே நுகத்தில் பூட்டித்தான் நாம் ஓட்ட வேண்டியிருக்கிறது.

பந்தயங்கள் மீண்டும் சாலைக்கு வந்துவிட்டன. பரிசுத்தொகை ஏறுகிறது; அதைவிட வேகமாக மாட்டின் விலை ஏறுகிறது. நிலமோ தொழுவோ இல்லாத, பணம் மட்டும் உள்ளவர்கள் ஜோடியாக வாங்கி, ஆள் வைத்து வளர்த்து, ஒற்றைப் பெயரில் ஓட விடுவதும் நடக்கிறது. சட்டப்படி அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் பயணக் கார் பந்தயக் காராகி, பந்தயக் கார் பணக்காரர் காரான பாதை அதுதான். ஆகவே இப்போதெல்லாம் முடிவுகளை வாசிக்கும்போது யார் வென்றார் என்பதைவிட, எத்தனை பெயர் வாசிக்கிறார்கள் என்பதையே கவனிக்கிறேன். சென்ற முறை கேட்டபோது, பூஞ்சிட்டில் முதலாவதாக வந்த வண்டிக்கு மூன்று ஊர், மூன்று பெயர்.