சங்கிலியும் மாத்திரையும்

2001 ஆகஸ்ட் 6, ஆடி மாதம். எங்கள் வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாப் பேச்சாக இருந்த நேரம். அன்று விடியற்காலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கட்டுவதற்கு எந்த ஊரிலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அவிழ்த்து விட்டால் அடிப்பான்."

அந்தச் சங்கிலிக்கு மாற்று நம் நாட்டு வேர் ஒன்றில் இருந்தது. சர்ப்பகந்தா. முரட்டுத்தனம் மிகுந்த நோயாளிகளை அது அடக்குகிறது என்று 1931-இல் சென், போஸ் என்ற இரண்டு வங்காளிகள் எழுதினார்கள். 1952-இல் பாரீஸ் சேன்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிக்கேர் இருவரும் குளோர்புரோமசின் கொடுத்துப் பார்த்தார்கள். கூச்சல் நிறைந்த வார்டுகள் அமைதியாயின. 'லார்காக்தில்' என்று பெயர் வைத்து விற்றார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்களே இம்மாதிரி மருந்துகளுக்கு 'காமிசோல் ஷிமிக்' என்றும் பட்டம் சூட்டினார்கள். கைகளைக் கட்டும் சட்டைக்குப் பதில் மருந்தால் ஆன சட்டை! பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தச் சொல்லின் குத்தல் புரியும்.

1960-இல் லிப்ரியம், 1963-இல் வேலியம் வந்தன. இந்த வகை மாத்திரைகளில் ஒரு விபரீதம் உண்டு. பெரும்பாலோருக்கு அமைதி தரும். சிலருக்கு மட்டும், அதிலும் முதியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும், நேர்மாறாக வேலை செய்யும். குடித்தவனுக்குப் போல மூளையின் 'பிரேக்' தளர்ந்து, கோபமும் குழப்பமும் கூடும்.

இதை என் வீட்டிலேயே கண்டேன். என் பெரிய அண்ணனுக்கு 78 வயதில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். யாரையும் அதட்டிப் பேசாத மனிதர், நாலாம் நாள் இரவு அண்ணியைப் பிடித்துத் தள்ளினார். மாத்திரையைக் கூட்டினார்கள், இன்னும் மோசமானது. "கையைக் கட்டிடலாம்" என்றார் ஒரு உறவினர். நானும் மறுக்கவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. நல்லவேளை, வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் கோபம் மாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா?" படிப்படியாகக் குறைத்தார். சில நாட்களில் எங்கள் அண்ணன் திரும்பி வந்தார்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. மாத்திரையைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. டாக்டரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.