கண்ணாடித் துண்டில் சர்க்கரைப் புள்ளிகள்: வைரஸின் குணத்தைக் காட்டும் ‘சுகர் சிப்’ எப்படித் தயாராகிறது?

பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதர்களிடம் எளிதாகத் தொற்றும் அளவுக்கு மாறிவிட்டதா? இந்தக் கேள்விக்கு விடை தேட விஞ்ஞானிகள் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று, சின்னக் கண்ணாடித் துண்டு. ஸ்கூல் லேப்ல மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வைப்போமே, அதே சைஸ் ஸ்லைடுதான். நீளம் 75 மி.மீ, அகலம் 25 மி.மீ.

அதன் மேல் நூற்றுக்கணக்கான சர்க்கரை வகைகளைப் புள்ளி புள்ளியாக அச்சிட்டிருப்பார்கள். இதன் பெயர் ‘கிளைகான் மைக்ரோஅரே’. சர்க்கரைக்கு அடியில் இருக்கும் பூச்சு சரியில்லை என்றால், மொத்த ரிசல்ட்டும் தப்பாகிவிடும். அந்தப் பூச்சை எப்படிப் போடுகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

சர்க்கரைக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம்?

இது டீயில் போடும் சர்க்கரை இல்லை. நம் உடலில் உள்ள செல்களின் மேற்பரப்பு முழுக்க சர்க்கரைச் சங்கிலிகள் மூடியிருக்கின்றன. இவைதான் கிளைகான்கள். ஏ குரூப் ரத்தத்துக்கும் பி குரூப் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே, சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான்.

ஃப்ளூ வைரஸ் செல்லுக்குள் நுழைய, சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். மனிதர்களிடம் பரவும் ஃப்ளூ வைரஸ்கள் ‘ஆல்பா 2-6’ முறையில் இணைந்த சியாலிக் அமிலத்தை விரும்பும். பறவை வைரஸ்கள் ‘ஆல்பா 2-3’ முறையில் இணைந்ததை விரும்பும்.

வியட்நாமில் 2004-ல் ஒரு நோயாளியிடம் கிடைத்த எச்5என்1 வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தினர் இப்படிப்பட்ட ஸ்லைடில் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2006-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. புரதம் பறவை வகை சர்க்கரையையே பிடித்தது. ஆனால், அதில் சில மாற்றங்களைச் செய்தபோது மனித வகை சர்க்கரை ஒன்றையும் பிடிக்கத் தொடங்கியது. இவ்வளவு முக்கியமான தகவல் ஒரு கண்ணாடியை நம்பி இருக்கிறது.

வெறும் கண்ணாடியில் சர்க்கரை ஒட்டாதா?

ஒட்டாது. கிளைகான்கள் மிகச் சின்ன மூலக்கூறுகள், தண்ணீரில் ஈஸியா கரைந்துவிடும். வெறும் கண்ணாடியில் வைத்துக் கழுவினால் தண்ணீரோடு போய்விடும். அதனால் கண்ணாடிக்கும் சர்க்கரைக்கும் நடுவில், இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஒரு ரசாயனப் பாலம் தேவை.

பூச்சு போடுவது எப்படி?

1. சுத்தம் செய்தல்: கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசு எதுவும் இருக்கக் கூடாது. பல லேப்களில் அடர் சல்ஃப்யூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ‘பிரானா’ கரைசலில் கழுவுவார்கள். ஆல்கஹால், அசிட்டோன் போன்றவை இதில் கலந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும். கழுவிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும். அதுதான் சுத்தத்துக்கு அடையாளம்.

2. சிலேன் பூச்சு: இதை வீடுகளில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் அடிக்கும் பிரைமர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். சிலேன் மூலக்கூறின் ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும். இன்னொரு முனையில் அமீன் அல்லது எபாக்ஸி தொகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே ஈரம் அதிகமானால் சிலேன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகிவிடும். கழுவி முடித்ததும் சூடான அவனில் வைத்து இறுக வைப்பார்கள்.

3. கொக்கி மாட்டுதல்: அமீன் பூச்சின் மேல், ‘என்.எச்.எஸ் எஸ்டர்’ என்ற வேகமாக வினைபுரியும் தொகுதியை மாட்டுவார்கள். பெரும்பாலும் ஜெல் போன்ற பாலிமர் படலத்தோடு சேர்த்தே இது வரும். தேவையில்லாத புரதங்கள் கண்ணாடியில் ஒட்டாமல் அந்தப் படலம் தடுக்கும்.

4. அச்சிடுதல்: ஒவ்வொரு சர்க்கரையின் வாலிலும் ஆய்வகத்தில் ஓர் அமீன் தொகுதி பொருத்தப்பட்டிருக்கும். ரோபோ மெல்லிய ஊசிகளால் இவற்றைப் புள்ளிகளாக வைக்கும். ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அமீனும் என்.எச்.எஸ் எஸ்டரும் சந்தித்தால் உறுதியான பிணைப்பு உருவாகும். அதுவரை புள்ளிகள் உலரக் கூடாது என்பதால், ஸ்லைடை ஈரப்பதமான பெட்டியில் வைப்பார்கள்.

5. மிச்சத்தை அடைத்தல்: சர்க்கரை இல்லாத இடங்களில் என்.எச்.எஸ் கொக்கிகள் சும்மா காத்திருக்கும். அப்படியே விட்டால், சோதிக்கும் புரதத்தையே பிடித்துக்கொள்ளும். அதனால் எத்தனோலமீன் கரைசலில் ஸ்லைடை மூழ்கவைத்து அவற்றை அடைத்துவிடுவார்கள்.

எங்கே சொதப்பும்?

முதல் எதிரி ஈரம். என்.எச்.எஸ் எஸ்டர் தண்ணீர் பட்டால் மெல்ல மெல்லச் செயலிழந்துவிடும். அதனால் தயாரான ஸ்லைடுகளை ஈரம் உறிஞ்சும் பொருளோடு சீல் செய்து, மைனஸ் 20 டிகிரியில் வைப்பது வழக்கம். ஃபிரீசரில் இருந்து எடுத்த உடனே கவரைப் பிரிக்கக் கூடாது. ஐஸ் வாட்டர் பாட்டிலுக்கு வெளியே வேர்க்குமே, அதேபோல ஸ்லைடின் மேலும் நீர் படியும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

அடுத்தது, அடர்த்தி. ஒரு சர்க்கரையும் ஒரு புரதமும் பிடித்துக்கொள்ளும் பிடி பலவீனமானது. பல சர்க்கரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் பிடி இறுகும். பூச்சு திட்டுத் திட்டாக இருந்தால், ஒட்ட வேண்டிய வைரஸ் புரதம் ஒட்டாமல் போகலாம். ‘ஆபத்து இல்லை’ என்று தப்பான முடிவு வரும். அடர்த்தி எக்கச்சக்கமானால், பலவீனமான பிடியும் பலமானது போலத் தெரியும்.

மூன்றாவது, பால் பவுடர். பல புரதச் சோதனைகளில் தேவையில்லாத ஒட்டலைத் தடுக்க இதைக் கரைத்து ஊற்றுவது உண்டு. ஆனால் பால் புரதங்களிலேயே சர்க்கரைகள் இருக்கின்றன. அதனால் சர்க்கரைச் சோதனைகளில் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஸ்லைடு சரியா என்று எப்படித் தெரியும்?

இதற்கு உதவுபவை, குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் பிடிக்கும் ‘லெக்டின்’ புரதங்கள். இவற்றில் பல, தாவரங்களில் இருந்து எடுக்கப்படுபவை. ஆமணக்கு விதையின் ஒரு லெக்டின் காலக்டோஸைப் பிடிக்கும். வாள் அவரையில் கிடைக்கும் ‘கான் ஏ’ மேனோஸைப் பிடிக்கும். ஒளிரும் சாயம் ஏற்றிய லெக்டினை ஊற்றி ஸ்கேன் செய்யும்போது, ஒளிர வேண்டிய புள்ளிகள் மட்டும் ஒளிர்ந்தால் ஸ்லைடு ஓகே. எல்லா இடமும் மங்கலாக ஒளிர்ந்தால், அடைக்கும் வேலை சரியாக நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ஒரே சர்க்கரையைப் பல இடங்களில் அச்சிடுவதும் இதற்காகத்தான். அமெரிக்காவின் ‘கன்சார்டியம் ஃபார் ஃபங்ஷனல் கிளைகோமிக்ஸ்’ அமைப்பின் ஸ்லைடுகளில் ஒவ்வொரு சர்க்கரையும் 6 முறை அச்சிடப்பட்டிருக்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நீக்கிவிட்டு, மீதி 4-ன் சராசரியை எடுப்பார்கள்.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. 2002-ல் இந்தத் தொழில்நுட்பம் அறிமுகமான காலத்திலேயே, நைட்ரோசெல்லுலோஸ் பூசிய ஸ்லைடில் பெரிய சர்க்கரை மூலக்கூறுகளை அப்படியே ஒட்டவைத்துக் காட்டினார்கள். அது சுலபம். ஆனால் சின்னச் சர்க்கரைகளை அப்படி ஒட்டவைத்தால் நிற்காது. அவற்றுக்குக் கொழுப்பு வாலோ ரசாயனக் கொக்கியோ வேண்டும்.

அதனால், ‘புதிய வைரஸ் மனித செல்லைப் பிடிக்கிறதா’ என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, அந்தச் சோதனை எந்தப் பரப்பில், எத்தனை புள்ளிகளில் நடந்தது என்பதும் முக்கியம் என்பதை நினைவில் வையுங்கள்.