தேக்கா: ஒரு சந்தையின் பெயர்கள்

சிங்கப்பூரில் இரண்டாண்டுகள் வாழ நேர்ந்தபோது, முதல் மாதம் முழுவதும் குளிரூட்டப்பட்ட பேரங்காடியில் நெகிழித்தாள் சுற்றிய காய்கறிகளையே வாங்கினேன். வாடகை போக மிஞ்சிய ஊதியத்தில் பெரும்பகுதி வெண்டைக்காய்க்கே போயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர்தாம், "தேக்காவுக்குப் போங்க தம்பி, நம்ம காயெல்லாம் அங்கதான் மலிவு" என்று வழிகாட்டினார். 'தேக்கா' என்றதும் என் மனம் தேக்கு மரத்தில் போய் நின்றது. எந்தச் சொல்லுக்கும் தமிழில் வேர் தேடுவது எங்கள் தொழில்நோய்.

அது ஹொக்கியன் சீனச் சொல். 'தெக் கியா கா' என்றால் சிறுமூங்கில்களின் அடி. ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்தின் எச்சம். அதே இடத்தை மலாய்க்காரர்கள் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம், என்றார்கள். நீரும் புல்லும் நிறைந்த அந்தச் சதுப்பு நிலம் 19ஆம் நூற்றாண்டில் கால்நடை வணிகத்தின் களமாயிற்று. வண்டியிழுக்கவும் பாலுக்கும் இறைச்சிக்கும் மாடுகள் தேவைப்பட்டன. மாடுகளைப் பேண இந்தியத் தொழிலாளர்கள் தேவைப்பட்டனர். சிராங்கூன் சாலையில் நம்மவர் வேரூன்றியதில் எருமைக்கும் பங்குண்டு. கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகம் செய்த பெலிலியோஸ் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. பின்னர் சதுப்பு தூர்க்கப்பட்டு மாடுகள் மறைந்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்று ஒரே எருமை மட்டும் இரு மொழிகளில் அங்கே நிற்கிறது. 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான 'கேகே'யின் பெயரும் அந்தத் தொழுவம்தான். சிங்கப்பூரர் பல தலைமுறையாக அங்கே பிறந்துவருகிறார்கள். யாரும் குறைபட்டதாகத் தெரியவில்லை.

சந்தை எழுந்தது 1915இல். 1982இல் பழைய கட்டடம் போய், சாலைக்கு மறுபுறம் புதிய கட்டடம் வந்தது. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் சூடாக இருந்த காலம் அது. மூங்கிலடி என்ற அதே பொருளை மாண்டரினில் 'சூஜியாவ்' என்று பலகையில் எழுதினார்கள். பொருள் மாறவில்லை, ஆனால் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் வாயில் நுழையவில்லை, ஹொக்கியன் பாட்டிமாருக்கும் அது தம் சந்தையாகப் படவில்லை. எல்லோரும் தேக்காவுக்கே போய்வந்தார்கள். 2000ஆம் ஆண்டில் பலகையும் தேக்கா என்று மாறியது. மூன்று இனத்தாரும் சேர்ந்து ஒரு பெயரைக் காப்பாற்றியதை எந்தப் போராட்ட வரலாற்றிலும் சேர்க்க மாட்டார்கள். எனக்கு அது பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

மலிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு. கீரையும் காயும் மலேசியாவிலிருந்து பாலம் கடந்து லாரிகளில் வருகின்றன. ஈரச்சந்தையில் குளிர்பெட்டிச் செலவும் உறைச் செலவும் குறைவு. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: 1971 முதல் 1986 வரை தெருவோர வணிகர்களை அரசு கூரையின்கீழ்க் குடியமர்த்தியபோது அந்தத் தலைமுறைக்கு மானிய வாடகை கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் ஏலம் கேட்டுக் கடை பிடிக்கவேண்டியதாயிற்று. ஆகவே அந்த விலையில் ஒரு பகுதி மூத்தவர்களின் ஆயுளோடு கட்டுண்டது.

நான் வழக்கமாக வாங்கிய கடையில் ஒரு முதிய சீனப் பெண்மணி இருந்தார். சந்தை மலாயில் விலை சொல்வார். சில்லறையைத் தமிழில் எண்ணித் தருவார். நண்பகலை நெருங்கினால் முருங்கைக்காய் கட்டின் விலை தானே இறங்கும். கறிவேப்பிலை எப்போதும் கொசுறு. பிள்ளைகள் கடைக்கு வருவார்களா என்று கேட்டேன். "எல்லாம் ஆபீஸ்" என்று கையை விரித்தார்.

ஊர் திரும்புமுன் விடைபெறப் போனபோது, உங்கள் ஊரில் முருங்கை என்ன விலை என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே மரம் நிற்கிறது, விலையில்லை என்றேன். நம்பாமல் சிரித்துவிட்டு இன்னொரு பிடி கறிவேப்பிலையை அள்ளிப் பையில் போட்டார்.