வலென்சியாக்காரர் பெயர்

ஜப்பானில் நாகோயா என்று ஒரு பெரிய நகரம். அங்கே ஹோஷினோ குடும்பத்தார் ஒரு புத்தகக் கடை வைத்திருந்தார்கள். 1908-ம் ஆண்டில் அந்தக் கடையிலேயே ஒரு பக்கம் வாத்தியங்களையும் வைத்து விற்கத் தொடங்கினார்கள். புத்தகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது போலும்! நாளடைவில் வாத்திய வியாபாரமே பிரதானமாகி விட்டது.

1929-ல் அவர்கள் ஸ்பெயின் தேசத்து வலென்சியாவிலிருந்து கிதார்களைத் தருவித்தார்கள். ஸால்வடார் இபான்யெஸ் என்ற கைவினைஞர் நிறுவிய பட்டறையின் சரக்கு அது. அவர் 1854-ல் பிறந்து 1920-ல் காலமானவர். ஆகவே தம் பெயர் ஜப்பானுக்குக் கப்பலேறியதைப் பார்க்க அவர் இல்லை. பிறகு ஸ்பெயின் கிதார் வருவதும் நின்று போயிற்று. 1935 முதல் ஹோஷினோவே கிதார் செய்ய ஆரம்பித்தது. அதன் மேல் பொறித்த பெயர் என்ன தெரியுமா? 'இபானெஸ் ஸால்வடார்'! கொஞ்ச காலத்தில் 'ஸால்வடார்' உதிர்ந்து, 'இபானெஸ்' மட்டும் நிலைத்தது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இந்த வலென்சியாக்காரர் கொடுத்தாரா, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்களா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

1945-ல் விமானங்கள் நாகோயாவின் மேல் நெருப்பைக் கொட்டின. ஊரின் பழைய கோட்டையே எரிந்து போனபோது கிதார்ப் பட்டறை எம்மாத்திரம்? யுத்தம் முடிந்த பிறகு எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அதற்குள் கிதாரே மாறிவிட்டது. பழைய கிதாருக்குக் குடம் போன்ற வயிறு உண்டு. நாதம் அங்கே பிறக்கும். மின்சாரக் கிதாரில் பெரும்பாலும் கட்டை மரம்தான். உருக்குத் தந்தி அதிரும்போது, அதன் அடியில் உள்ள காந்தமும் தாமிரக் கம்பிச் சுருளும் அந்த அதிர்வை மின்சாரமாக்கிப் பெருக்கிக்கு அனுப்புகின்றன. 1965-ல் 'வெஞ்சர்ஸ்' என்ற அமெரிக்கக் கோஷ்டி ஜப்பானுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனது. பிள்ளைகளுக்கெல்லாம் 'எலெக்கி' பைத்தியம் பிடித்துவிட்டது. மின்சாரக் கிதாருக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் அது.

1970-க்கு மேல் இபானெஸ் கிதார்களைப் பெரும்பாலும் செய்து கொடுத்தது மாட்ஸுமோட்டோ என்ற மலைநாட்டு ஊரில் 1960-ல் தோன்றிய பூஜிகென் தொழிற்சாலை. ஆக, பெயர் ஒருவருடையது, வியாபாரம் இன்னொருவருடையது, கைவேலை மூன்றாமவருடையது. உருவமோ நான்காமவருடையது! அமெரிக்காவின் கிப்ஸன், பெண்டர் கிதார்களை அச்சாக அப்படியே செய்து, மலிவாக அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். ஈயடிச்சான் காப்பிதான். ஆனால் ஈயையும் எவ்வளவு நேர்த்தியாக அடித்திருந்தார்கள்! கிப்ஸன் முன்போல இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த வாத்தியக்காரர்கள், இந்த நகலை எடுத்து மீட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கவில்லை.

கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், 1977-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி பிலடெல்பியா கோர்ட்டில் வழக்குப் போட்டது. எதைப் பற்றி? கிதாரின் உடலைப் பற்றியல்ல. முருக்காணிகள் இருக்கிற தலைப் பகுதியின் வடிவத்தைப் பற்றி. கிப்ஸன் கிதாரின் தலை விளிம்பு, திறந்து வைத்த புத்தகம் போல இருக்கும். குருவைப் பார்த்துச் சிஷ்யன் பாடுவதில் தவறில்லை. குருவின் கையெழுத்தையே போட்டால் அது வேறு சங்கதி. என்னைக் கேட்டால் நார்லின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: வழக்கு வருவதற்குள் ஹோஷினோ தலையை மாற்றிவிட்டிருந்தது. 1978-ல் விவகாரம் ராஜியில் முடிந்தது. இன்று அந்தப் பழைய நகல்களை 'வழக்குக் கிதார்' என்று சொல்லி, சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இனி நகல் செய்ய முடியாது. அப்படியானால் எதைச் செய்வது? ஹோஷினோ நேரே வித்வான்களிடம் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது. ஜார்ஜ் பென்ஸன் ஜாஸ் வாசிப்பவர். 1976-ல் வந்த 'பிரீஸின்' இசைத்தட்டால் புகழின் உச்சிக்குப் போனவர். ஜாஸ்காரர்களுக்கு வயிறு உள்ள கிதார்தான் பிடிக்கும். ஆனால் மேடையில் பெருக்கியை உயர்த்தினால் அந்த வயிறு ஊளையிட ஆரம்பித்துவிடும். அவருக்காக வயிற்றைச் சுருக்கி, காந்தச் சுருளை மேற்பலகையில் பதிக்காமல் மிதக்கவிட்டு ஒரு கிதார் செய்தார்கள். 'ஜி.பி. 10' என்ற அந்த மாதிரி நாற்பது வருஷங்களுக்கு மேல் விற்பனையில் இருந்து வந்திருக்கிறது.

ஸ்டீவ் வை வேறு ரகம். மின்னல் விரல்காரர். தமக்கு வேண்டியதையெல்லாம் ஜாபிதா போட்டுச் சொன்னார். 1987-ல் 'ஜெம்' பிறந்தது: இருபத்துநான்கு மெட்டுகள், கண்ணைப் பறிக்கும் வர்ணம், போதாக்குறைக்குத் தூக்கிக்கொண்டு போவது போல உடலிலேயே ஒரு கைப்பிடித் துவாரம்! பெட்டிக்குப் பிடி உண்டு, கூஜாவுக்குப் பிடி உண்டு. வாத்தியத்துக்குப் பிடி வைத்ததை என்னவென்று சொல்வது? வாலிபர்கள் மயங்கிப் போனார்கள். 1990-ல் அவருக்காகவே ஏழு தந்திக் கிதாரும் வந்தது. அந்த ஏழாவது மந்தரத் தந்திக்குச் சரியான வேலை கொடுத்தவர்கள் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டில் கிளம்பிய 'கார்ன்' என்ற கோஷ்டி. அவர்கள் சுருதியை இன்னும் கீழே இறக்கி, 1994-ல் தங்கள் முதல் இசைத்தட்டில் தரை அதிர வாசித்தார்கள். வேகத்துக்குப் பேர்போனவருக்காகச் செய்த கருவி, கனத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவே கிதாரின் தலையில் பழைய பெயர்தான் இருந்தது. ஸ்பானிய எழுத்தின் மேல் நெளிகிற சின்னக் கோடு மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அமெரிக்கர்கள் அந்தப் பெயரை 'ஐபனெஸ்' என்கிறார்கள். வலென்சியாவில் அந்தக் கிழவரைக் கூப்பிட்டிருக்கக்கூடிய விதமாக உச்சரித்து ஒரு கிதார் கேட்டால், கடைக்காரர், "அது எந்தக் கம்பெனி, ஸார்?" என்று கேட்டாலும் கேட்பார்.